வீடு திரும்பும் பெண்ணுக்கு வீடு எங்கே?

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியைப் பற்றி நமது மேடைகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 2004ல் விக்ரோலியில் விஷச் சாராயம் உயிர்களைக் குடித்தது. 2015ல் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏழை உழைப்பாளிகளைக் கொன்றது. அந்தப் பேச்சுகளிலெல்லாம் பெண்ணுக்கு ஒரே வேடம்தான்: குடிகாரனின் மனைவி, குடிகாரனின் தாய். தானே குடிக்கு அடிமையாகிவிட்ட பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இன்று அவளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நம்மில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். விடியுமுன் தெருக் கூட்டப் போகிறவள், குப்பையின் நாற்றம் தாங்க ஒரு மடக்கில் ஆரம்பிக்கிறாள். நாள் முழுதும் கல்லும் மண்ணும் சுமந்தவள், இடுப்பு வலிக்கு மருந்தென்று தொடங்குகிறாள். இன்னொருத்திக்குப் புருஷனே ஊற்றிக் கொடுத்துப் பழக்குகிறான். சாராய நெடியே தெரியாத வீட்டில்கூட, ஒரு காலத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி வாங்கி, அது இல்லாமல் கண் மூட முடியாத நிலைக்கு வந்துவிட்ட பெண்கள் உண்டு. காரணம் பலவிதம். வந்து சேர்கிற இடம் ஒன்று.

மத்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்த கணக்கு 2019ல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் ஆண்களில் 100க்கு 27 பேர் குடிக்கிறார்கள். பெண்களில் 100க்கு 2 பேருக்கும் குறைவு. இவ்வளவு குறைவுதானே என்று தள்ளிவிடலாமா? 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் அது ஒரு கோடியைத் தொடும். அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. வெளியே சொல்லவே அஞ்சுகிற பெண் அந்த வரிசையில் எங்கே நிற்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்ணின் உடம்பில் நீரின் அளவு குறைவு. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் சாராயம் அதிகம் ஏறுகிறது. ஈரலும் சீக்கிரம் கெடுகிறது. இது மருத்துவ உண்மை. ஒழுக்கக்கேடு என்று நாம் ஏசுவதை மருத்துவம் நோய் என்கிறது. காசநோய்க்காரியை ஏசி யாரும் குணப்படுத்தியதில்லை.

குடிநோய்க்காரன் ஆணாக இருந்தால் என்ன நடக்கிறது? அண்ணன் வருகிறான், மைத்துனன் வருகிறான், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். மனைவி பட்டினி கிடந்து பணம் கட்டுகிறாள். தெளிந்து திரும்பினால் ஆரத்தி எடுக்கிறாள். அவன் வீடு அவனுக்காகக் காத்திருக்கிறது. அதே நோய் பெண்ணுக்கு வந்தால்? பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு மாமியார் கதவைச் சாத்துகிறாள். பெற்றவர்கள் ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பு என்கிறார்கள். ஊரிலோ அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கள் பகுதியில் ஒரு சகோதரி சிகிச்சை முடிந்து வந்த அன்று, அவள் துணிமூட்டை வாசலில் கிடந்தது. அன்றிரவு அவளுக்கு இடம் கொடுத்தவள் ஒருத்திதான்: சாராயம் விற்கிற பெண்மணி. இரண்டு மாதம் கடித்துப் பிடித்துக் காத்த தெளிவு ஒரே இரவில் போயிற்று. குற்றவாளி யார், தோழர்களே?

ரயில்வேத் தொழிலாளர்களுக்கு வீட்டின் அருமை தெரியும். 1974 மே மாத வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடும்பங்களைக் குவார்ட்டர்சிலிருந்து வெளியேற்றினார்கள். தலைக்கு மேல் கூரையைப் பறித்தால் மனிதன் சீக்கிரம் பணிவான் என்பது அதிகாரத்துக்குத் தெரிந்த பாடம். கூரையைக் கொடுத்தால் மனிதன் நிமிர்வான் என்பது நாம் அதிலிருந்து படிக்கவேண்டிய பாடம்.

நாம் கேட்பது ஆஸ்பத்திரி அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்தினாலும் இதே ஆபத்துண்டு. முதல் கட்டம் டாக்டர் கையில்தான் இருக்கவேண்டும். சயான், கே.இ.எம். போன்ற பொது ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பூனாவில் டாக்டர் சுனந்தா அவசட்டும் அனில் அவசட்டும் 1986ல் தொடங்கிய முக்தாங்கண் இருக்கிறது. பெண்களுக்கென்று தனிப் பிரிவும் அங்கே உண்டு. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். நாம் பேசுவது அதற்கு அடுத்த கட்டம். சிகிச்சை முடிந்து வெளியே வருகிற பெண், பழைய சந்துக்கும் பழைய கூட்டத்துக்கும் போகாமல், ஓராண்டோ ஈராண்டோ வேலைக்குப் போய்க்கொண்டு தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து வாழ ஒரு வீடு.

இது நடக்கிற காரியமா? நடந்த காரியம். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 1975ல் குடிநோயிலிருந்து மீண்டவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியை, பணமில்லை என்று மூட முடிவு செய்தார்கள். அங்கிருந்த பால் மல்லாய் என்பவரும் கூட்டாளிகளும் கலைந்து போகவில்லை. அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்தார்கள். மேனேஜர் இல்லை, வார்டன் இல்லை. பொறுப்பாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், செலவைப் பங்கிட்டார்கள், குடித்தால் வெளியே என்று விதி செய்தார்கள். ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்ற பெயரில் அப்படிப்பட்ட வீடுகள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளன. பெண்களுக்குத் தனி வீடுகள், குழந்தைகளோடு வாழும் தாய்மார்களுக்கான வீடுகள் உட்பட.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஒரு பகுதியினரை இந்த வீடுகளுக்கும், மறு பகுதியினரை வழக்கமான முறையிலும் அனுப்பினார்கள். 2006ல் வெளியான முடிவு என்ன? இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது வழக்கமான முறையில் போனவர்களில் 100க்கு 65 பேர் மீண்டும் போதைக்குத் திரும்பியிருந்தார்கள். இந்த வீடுகளுக்குப் போனவர்களில் 31 பேர்தான். வேலையில் இருந்தவர்களும் இவர்களில்தான் அதிகம். டாக்டர் மாறவில்லை, மருந்து மாறவில்லை. மாறியது வீடு.

நமது நாட்டுச் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநோயையும் தன்னுள் அடக்குகிறது. இடைக்கால இல்லங்களும் ஆதரவுள்ள தங்குமிடங்களும் ஏற்படுத்துவது அரசின் கடமை என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்தால் யாரையும் மனநல நிலையத்திலேயே கிடக்க விடக்கூடாது என்கிறது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது. நாம் கேட்டால்தான் அது அசையும். அரசிடம் கேட்டுக்கொண்டே, நம்மால் ஆனதையும் செய்துகாட்ட வேண்டும்.

நமது திட்டம் சிறியது. கல்யாண் பக்கம் இரண்டு அறையும் சமையற்கட்டும் உள்ள இடம். வாடகை மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு பெண்கள், தலைக்கு 2,000. அரிசி, பருப்பு பொதுவில். டெபாசிட்டும் முதல் இரண்டு மாத வாடகையும் சங்கம் தரும். அதன்பின் அவர்கள் சம்பாதித்துக் கட்டுவார்கள். கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்கும். வாரம் ஒருமுறை கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கைக்குழந்தை உள்ளவள் குழந்தையோடு வருவாள். ஒருத்தி மீண்டும் குடித்துவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியாது. மற்ற ஐவரைக் காக்க அது தேவை. ஆனால் இரவில் தெருவில் விடமாட்டோம். மகளிர் பிரிவுத் தோழியர் இருவர் அவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். தெளிந்து வந்தால் மீண்டும் கேட்கலாம். ஆண் நிர்வாகிகள் யாரும் அந்த வீட்டுப் படியேறக் கூடாது. இது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

சில தோழர்கள் ஆட்சேபம் சொல்கிறார்கள். தமிழர் பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள். ஐயா, ஒரு தமிழ்ப் பெண் பிளாட்பாரத்தில் மயங்கிக் கிடந்தால் பெயர் நிலைக்குமா? இடம் கொடுத்தால் இன்னும் நாலு பேர் துணிந்து குடிப்பார்கள் என்கிறார்கள். ஆஸ்பத்திரி கட்டினால் காய்ச்சல் பெருகும் என்பது போன்ற பேச்சு இது. பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் நியாயமான கேள்வி. பொங்கல் விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவழிப்பதில் பாதியை ஓராண்டு ஒதுக்கினால் டெபாசிட் தேறிவிடும். விழா நிற்காது; பந்தல் கொஞ்சம் சிறுக்கும்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணை முதலில் பழிப்பது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் வாய்தான். அவளிடம் முதலில் பேசக்கூடியவர்களும் நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரி காலையில் கை நடுங்கக் குழாயடிக்கு வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். குடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு வர்றியாக்கா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.

டெபாசிட்டுக்கு நிதி திரட்டவும், வீடு பார்க்க ஐந்து பெண்கள் கொண்ட குழு அமைக்கவும் தீர்மானம் இப்போது உங்கள் முன் வருகிறது. ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். கை உயர்த்துகிறவர்கள் வெளியே போகுமுன் மேசையில் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.