வாய் திறவாத விரிவுரை

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை நீங்கள் அறிவீர்கள். பலகையின் கட்டங்கள் 64. அவை 67 ஆக இருப்பின் மொத்த நெல்மணிகள் எத்தனை? 147573952589676412927. ஏறத்தாழப் பதினான்கே முக்கால் இலட்சம் கோடி கோடி. இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தாலும் இந்த 21 இலக்க எண்ணே கிடைக்கும்.

1644இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, தம் நூலொன்றில் இதனை முதன்மை எண் என்று குறித்தார். அதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது என்பது அவர் கூற்று. 1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் அக்கூற்றுத் தவறென நிறுவினார். விந்தை என்னவெனில், எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை. குடத்தைத் தட்டி, ஓசையைக் கொண்டே அதில் விரிசல் உண்டென அறிகிறோமல்லவா? விரிசல் எங்கேயென்று ஓசை சொல்லாது. லூக்காவின் சோதனையும் அத்தகையதே.

விரிசலைக் கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதை 67ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரவேண்டும். எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ வரவேண்டும். இவ்விரு விதிகளை மட்டும் கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துச் சென்றாலும், சிறிய காரணியை எட்ட ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் வேண்டும். கோல் வேறு நிபந்தனைகளையும் சேர்த்துத் தேடலைச் சுருக்கினார், எல்லாம் கைக்கணக்கே.

1903 ஒக்டோபர் 31ஆம் நாள், நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கம் கூடியது. கோல் எழுந்து, ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையின் ஒரு பக்கத்தில் இரட்டித்துச் சென்று அந்த எண்ணை எழுதினாராம். மறுபக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினாராம். இரு விடைகளும் ஒன்றாயின. வெண்கட்டியை வைத்துவிட்டு அவர் அமர, அவை கைதட்டி ஆர்ப்பரித்தது என்பர். எத்தனை காலம் பிடித்தது என்று பின்னர் வினவியபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று விடையளித்தாராம்.

தேடியது மூன்றாண்டு, சரிபார்த்தது சில நிமிடம். பெருக்குதல் எளிது, காரணி காண்டல் அரிது என்னும் இவ்வேறுபாடு வெறும் விந்தையன்று. 1977இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைகுறி முறைக்கு இதுவே காவல். கோலின் எண்ணை இன்றைய கணினி கண்ணிமைக்கும் நேரத்திற் பிரித்துவிடும். ஆனால் இரு பெரும் முதன்மை எண்களைத் தக்கவாறு தெரிந்து பெருக்கிய 600 இலக்க எண்ணுக்கு முன்னே அதுவும் திகைத்து நிற்கிறது.

நேயர்களே, என் சொல்லை நம்ப வேண்டுவதில்லை. தாளும் பென்சிலும் எடுத்து, அவ்விரு காரணிகளையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 232 ஆண்டுகள் நிலைத்த ஒரு தவற்றின் முடிவு உங்கள் கையெழுத்திலேயே கிடைக்கும்.