அந்தச் சூனியக்காரி இன்னும் ஏன் பயமுறுத்துகிறாள்?

(குறுவள மைய ஆசிரியர் பயிற்சியில், சிறார் திரைப்படங்கள் குறித்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022-ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போதிலிருந்து ஆசிரியர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. "இந்தப் படத்தில் சூனியக்காரி வருகிறாள், பிள்ளைகள் பயந்துவிட்டால் என்ன செய்வது? அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் போடலாமா?" அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஒரு பழைய படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடலாம் என்று நினைக்கிறேன்.

அந்தப் படம் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்'. அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்து 1939-இல் வெளியிட்டது. விக்டர் ஃபிளெமிங் இயக்கியது. 1956-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. 1959 முதல் ஆண்டுக்கு ஒருமுறை என்று வழக்கமாகிவிட்டது. நாம் தீபாவளிக்குக் காத்திருந்ததுபோல் அங்கே பிள்ளைகள் அந்த ஒரு மாலைக்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்த அதே பிள்ளைகள்தான் சூனியக்காரி வந்ததும் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஆசையும் அச்சமும் எப்படி ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதுதான் இன்று நாம் பார்க்க வேண்டியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணையில் எம் அத்தை, ஹென்றி மாமா ஆகியோரோடு வளர்கிறாள் டோரத்தி. டோட்டோ என்ற நாய்க்குட்டிதான் அவளுடைய உயிர். ஒருநாள் சூறாவளி வீட்டையே தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்ற மாய நாட்டில் போடுகிறது. ஊர் திரும்ப வேண்டுமென்றால் மரகத நகரத்தில் இருக்கும் மந்திரவாதியைப் பார்க்க வேண்டும். வழியில் மூளை வேண்டும் என்கிற சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டும் என்கிற தகர மனிதன், தைரியம் வேண்டும் என்கிற சிங்கம் மூவரும் சேர்ந்துகொள்கிறார்கள். பச்சை முகச் சூனியக்காரி துரத்துகிறாள்.

பயம் எங்கே தொடங்குகிறது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கதையை 1900-இல் நூலாக எழுதிய எல். ஃபிராங்க் பாம், தன் முன்னுரையிலேயே பழைய தேவதைக் கதைகளில் இருந்த கொடூரங்களை விலக்கி, பிள்ளைகளை மகிழ்விக்க மட்டுமே இதை எழுதியதாகச் சொல்கிறார். கெட்ட கனவு வராத கதை வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தக் கதையிலிருந்து எடுத்த படமோ எத்தனையோ பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தது!

பச்சை முகமும் கறுப்புத் தொப்பியும் கிறீச்சிடும் சிரிப்பும்தான் காரணம் என்று முதலில் தோன்றும். படத்தை மறுபடி பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. இந்தப் படத்தில் பயம் ஓஸ் நாட்டில் தொடங்கவில்லை. அதற்கு வெகு முன்பே, வீட்டுக் கூடத்தில் தொடங்கிவிடுகிறது.

மிஸ் கல்ச் என்ற வசதி படைத்த பெண்மணி சைக்கிளில் வந்து இறங்குகிறார். நாய் தன்னைக் கடித்தது, அதைக் கொண்டுபோய்க் கொல்ல வேண்டும் என்கிறார். கையில் அதிகாரியின் உத்தரவு இருக்கிறது. டோரத்தி அத்தையைப் பார்க்கிறாள். மாமாவைப் பார்க்கிறாள். இருவருக்கும் அவள்மேல் பாசம் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை எதிர்த்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாயைப் பிடித்துக் கூடைக்குள் வைப்பது ஹென்றி மாமாதான்.

பேயும் இல்லை, மாயமும் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய பயம் எது? தன்னைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்ப்பதுதான். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து கத்தும்போது அப்பா பேசாமல் நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சாமான்களை வெளியே வைக்கச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மிஸ் கல்ச் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சூறாவளி வீட்டைத் தூக்கிச் செல்லும்போது, சன்னலுக்கு வெளியே மிஸ் கல்ச் சைக்கிள் மிதித்துக்கொண்டே பறந்து வருகிறார். நம் கண்முன்னே சைக்கிள் துடைப்பமாகிறது, அவர் சூனியக்காரி ஆகிறார். இரண்டு வேடத்திலும் நடித்தவர் ஒருவரே, மார்கரெட் ஹாமில்டன். வீட்டில் பெயர் சொல்ல முடியாமல் இருந்த பயத்துக்குப் படம் ஒரு முகம் கொடுக்கிறது. முகம் வந்துவிட்டால் அதை எதிர்த்து நிற்கவும் ஒரு வழி பிறக்கும் அல்லவா?

வியப்பும் அதே வாசலில்

இனி வியப்புக்கு வருவோம். கான்சாஸ் காட்சிகள் முழுவதும் பழுப்பு நிறத்தில் இருக்கும். வீடு ஓஸில் விழுந்ததும் டோரத்தி கதவைத் திறக்கிறாள். வெளியே அத்தனை வண்ணமும் கொட்டிக் கிடக்கிறது. அந்த இடத்தில் வகுப்பே "ஆ!" என்று மூச்சை இழுக்கும். கணினி வரைகலை இல்லாத காலம் அது. வீட்டின் உட்புறத்தையே பழுப்பு நிறத்தில் பூசினார்கள். பழுப்பு உடை அணிந்த மாற்று நடிகை கதவைத் திறந்து ஒதுங்கிக்கொள்ள, நீல உடையில் ஜூடி கார்லண்ட் வெளியே அடியெடுத்து வைக்கிறார். நூலில் வெள்ளிக் காலணிகளாக இருந்தவை படத்தில் மாணிக்கச் சிவப்பானதும் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தச் சூறாவளியும் அப்படியே. சுமார் 35 அடி நீளத்துக்கு மஸ்லின் துணியைக் காலுறைபோலக் குழாயாகத் தைத்து, தொங்கவிட்டு, சுழற்றி, புழுதியை ஊதிப் படமாக்கினார்கள். நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் படம் ஓடும்போது அந்தத் துணி இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. திரையில் ஏதோ ஒன்று உண்மையாகவே அசைகிறது, காற்று உண்மையாகவே அடிக்கிறது என்பதைக் கண் அறிந்துகொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டோரத்தி அந்த வண்ணங்களுக்கு வந்து சேர்ந்தது எப்படி? வீடு பிடுங்கப்பட்டதால். பாதுகாப்பு போனதால்தான் பயம் வந்தது. அதே காரணத்தால்தான் புதிய உலகமும் திறந்தது. பெரியவர்கள் யாரும் உடன் இல்லாமல் ஒரு சிறுமி தன் காலால் நடக்கிறாள், தானே முடிவெடுக்கிறாள். எழுத்தாளர் சல்மான் ருஷ்டி சிறுவயதில் பம்பாயில் இந்தப் படத்தைப் பார்த்தவர். 1992-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பெரியவர்களின் இயலாமைதான் இந்தக் கதையை நகர்த்துகிறது என்பது அவர் பார்வை. பயத்தை வெட்டி எடுத்தால் வியப்பும் அதோடு போய்விடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி ஒன்று. சூனியக்காரியின் கோட்டையில் டோரத்தி பூட்டப்பட்டிருக்கிறாள். மணற்கடிகாரத்தில் மணல் இறங்குகிறது. கண்ணாடிக் கோளத்தில் எம் அத்தை தெரிகிறார், அவளைத் தேடி அழைக்கிறார். டோரத்தி "இங்கே இருக்கிறேன்" என்று கதறுகிறாள். அத்தைக்குக் கேட்கவில்லை. அத்தையின் முகம் மங்கி, அதே இடத்தில் சூனியக்காரியின் முகம் வந்து அவள் அழுகையைப் பழித்துக் காட்டுகிறது. பறக்கும் குரங்குகள் வரும்போது கத்தும் பிள்ளைகள் இந்த இடத்தில் கத்தமாட்டார்கள். அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை நாம் கவனிக்க வேண்டும்.

திரைச்சீலைக்குப் பின்னால்

இந்தப் படத்தில் பயமுறுத்துபவர் இன்னொருவரும் உண்டு. மரகத நகரத்து மந்திரவாதி. பெரிய தலை, நெருப்பு, புகை, இடி முழக்கம். சிங்கம் அவரைப் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடி சன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கிறது. கடைசியில் டோட்டோ திரைச்சீலையைப் பல்லால் இழுக்கிறது. உள்ளே ஒரு சாதாரண மனிதர், ஒலிபெருக்கி முன் நின்று விசையை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு அந்தத் திரைச்சீலை பழக்கமானதுதான். வகுப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று குரலை உயர்த்துகிறோம், முகத்தை இறுக்கிக்கொள்கிறோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அது சட்டம். இந்தப் படம் சொல்வது வேறு. திரை விலகிய பிறகுதான் அந்த மனிதரால் மூவருக்கும் உண்மையாக உதவ முடிகிறது. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த அறிவையும் அன்பையும் துணிவையும் அவர்களுக்கே எடுத்துக்காட்டுகிறார். இடி முழக்கிக்கொண்டிருந்தவரை அவரால் அது முடியவில்லை.

சூனியக்காரியாக நடித்த ஆசிரியை

மார்கரெட் ஹாமில்டன் நடிக்க வருவதற்கு முன்பு மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தன் நடிப்பு பிள்ளைகளை அச்சுறுத்துகிறது என்பது அவருக்கு வருத்தம் தந்தது. 1975-இல் ஃபிரெட் ராஜர்ஸ் நடத்திய குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். சாதாரண உடையில் உட்கார்ந்து பேசினார். பிறகு சூனியக்காரியின் பாவாடை, மேலாடை, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் பார்க்கும்படி போட்டுக்காட்டினார். வேடம் என்பது இவ்வளவுதான் என்று அவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். அடுத்த ஆண்டு 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் அதே வேடத்தில் சூனியக்காரியாகவே வந்தபோது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அந்தப் பகுதி மறு ஒளிபரப்பே செய்யப்படவில்லை. அதே நடிகை, அதே வேடம். ஒன்றில் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றார்கள், மற்றொன்றில் அழைத்துச் செல்லவில்லை.

ஜோன் கேன்டர், பார்பரா வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் படத்தின் காட்சியையே பயன்படுத்தினார்கள். "இது உண்மையல்ல, நினைவில் வைத்துக்கொள்" என்று சொல்வது தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயத்தைக் குறைக்க உதவியது. மழலையர் வயதுக் குழந்தைகளுக்கு உதவவில்லை. "அட, இது வெறும் படம்தானே!" என்று நாம் எளிதாகச் சொல்லும் ஆறுதல் எல்லா வயதுக்கும் போய்ச் சேர்வதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். திரையிடும்போது எல்லா விளக்கையும் அணைக்க வேண்டாம். யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

எங்கே நிறுத்துகிறோம் என்பது மிக முக்கியம். இந்தப் படம் சுமார் 100 நிமிடம் ஓடும். ஒரு பாடவேளையில் முடியாது. டோரத்தி கோட்டையில் பூட்டப்பட்ட இடத்தில் மணி அடித்து, "மீதி அடுத்த வாரம்" என்று அனுப்பினால், ஒரு வாரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளும் கோட்டைக்குள்தான் இருப்பார்கள். ஒரு வாளித் தண்ணீரில் சூனியக்காரி கரைந்துபோவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

படம் முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி கற்றீர்கள்?" என்று உடனே கேட்க வேண்டாம். "எந்த இடத்தில் பயம் வந்தது? அப்போது டோரத்தி என்ன செய்தாள்?" என்று கேட்டுப் பாருங்கள். பயந்தேன் என்று ஒருவன் சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பைக் கடந்து அவன் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு இந்தப் படத்தைத் திரையிட்டு, இடையிடையே நிறுத்தித் தமிழில் கதை சொன்னேன். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அந்த சைக்கிள் அம்மா திரும்பவும் அந்தப் பேப்பரோட வந்தா நாய்க்குட்டிய என்ன பண்ணுவாங்க?"

நான் அசந்துபோனேன். அவள் கேட்டது சரிதான். டோரத்தி கட்டிலில் கண்விழிக்கிறாள், எல்லோரும் சூழ்ந்து நிற்கிறார்கள், மகிழ்ச்சியாகப் படம் முடிகிறது. அந்த உத்தரவு என்ன ஆனது என்று யாருமே சொல்வதில்லை. சூனியக்காரி கரைந்துவிட்டாள், மிஸ் கல்ச் அப்படியே இருக்கிறார்.

அவளுக்கு நான் விடை சொல்லவில்லை. வகுப்பையே கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து போய்ப் பேசலாம்" என்றான் ஒருவன். "அபராதம் கட்டலாம்" என்றாள் ஒருத்தி. "இப்ப டோரத்திக்குப் பயம் இல்லை, அவளே பேசுவா" என்றாள் கேள்வி கேட்ட அந்த மாணவியே. அன்று பாடவேளை முடிந்தும் பேச்சு நிற்கவில்லை.

ஆகவே, "பிள்ளைகள் பயந்துவிடுவார்களே" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவர்கள் வாழ்க்கையில் பயம் ஏற்கெனவே வந்துவிட்டது, நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அது வரவில்லை. நல்ல படம் அந்தப் பயத்தை ஒரு சூனியக்காரியாக்கி, நண்பர்கள் சூழ, வெளிச்சம் உள்ள ஓர் அறையில் பார்க்க வைக்கிறது. அந்த அறையில் நாம் அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கைபேசியில் பதிவேற்ற வேலை பார்த்துக்கொண்டு வாசலில் நின்றால் போதாது.