காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள்

(குறுவளமையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் அரங்கம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லப்போவதில்லை. செயலியில் எதையும் பதிவேற்றச் சொல்லப்போவதும் இல்லை. ‘ஆசிரியரின் ஓய்வுநேரம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர், “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று கேட்டார்.

எனக்கு வயது 44. வீடு, பள்ளி, பேருந்து என்று நாம் எல்லோருமே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள்தாம். நான் உண்மையாகவே கட்டிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் இன்லைன் ஸ்கேட்டிங் செய்கிறேன். ரோலர்பிளேடு என்று சொன்னால் சிலருக்குச் சட்டென்று விளங்கும். பூட்ஸின் அடியில் நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்குமே, அதுதான். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்தக் காலணி என்னுடையது அல்ல, என் மகளுடையது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் விளையாட்டரங்கில் ஸ்கேட்டிங் கற்றுவந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், “அடுத்த வருஷம் பத்தாவது. இதெல்லாம் போதும்மா” என்று நான்தான் நிறுத்தினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலணி பரணுக்குப் போனது. பொதுத்தேர்வு முடிந்தது, நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்தக் கோடையில் பரணை ஒழிக்கும்போது எடுத்துக் கொடுத்து, “இந்தா, இனி போட்டுக்கோ” என்றேன். “வேண்டாம்மா. விட்டுப்போச்சு” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அவள் உள்ளே போனபிறகு என்னவோ தோன்றி, அந்தக் காலணிக்குள் என் காலை விட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பீரோவை விட்டேன். விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் முதலில் பயந்தாள், பிறகு சிரித்தாள். அப்புறம் ஒரு பயிற்சியாளரின் குரலில், “முதல்ல விழக் கத்துக்கோ” என்றாள். பி.எட். வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது.

விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்காலிலும் முழங்கையிலும் பேட், மணிக்கட்டில் காப்பு, தலையில் ஹெல்மெட், இவை இல்லாமல் சக்கரத்தில் ஏறவே கூடாது. சாயப்போகிறோம் என்று தெரிந்தவுடன் உடம்பு தானாக விறைத்து நிமிரும். அதுதான் ஆபத்து, பின்பக்கமாகப் போய்விடுவோம். முழங்காலை மடக்கிக் கைகளை முன்னால் நீட்டி, முன்பக்கமாகத் தாழ வேண்டும். முதலில் முழங்கால் பேட் தரையைத் தொட வேண்டும், அடுத்து முழங்கை, பிறகு உள்ளங்கை. விரல்கள் மேல்நோக்கி விலகியிருக்க வேண்டும். இதை ஒரு பழைய மெத்தையின் மேல், காலணி இல்லாமலே, ஒரு வாரம் பழக்கினாள். பத்தொன்பது ஆண்டுகள் தப்புக்குச் சிவப்பு மையில் சுழித்த கை இது. தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கென்று மெத்தையும் போட்டுக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு விளையாட்டரங்கம். காலை ஐந்தரை மணி. சேலையில் முடியாது, சுடிதார்தான், துப்பட்டா கூடாது. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “டீச்சர், இந்த வயசுல இது தேவையா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். தேவையில்லைதான். இதற்கு ஊக்க ஊதியம் கிடையாது, பணிப்பதிவேட்டில் ஏறாது, சான்றிதழும் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் நாம் செய்கிற காரியங்களில் எதற்கும் தேவைப்படாதது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இது ஒன்றுதான் அகப்பட்டது.

சரியாகப் பதினோராவது நாள். இடது காலால் தள்ளிவிட்டு வலது காலில் நின்றேன். நின்றபடியே போனேன். நான்கு நொடி இருக்கும். நடக்கவில்லை, ஓடவில்லை, ஆனாலும் காற்று முகத்தில் வந்து பட்டது. கடைசியாக எப்போது அப்படி இருந்தது என்று யோசித்தால், அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கோவில் இறக்கத்தில் போன நாள் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அந்த மகிழ்ச்சியை விளக்க எனக்குத் தெரியவில்லை.

போவதைவிட நிற்பதுதான் கடினம். என் காலணியில் வலது குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. அந்தக் காலை முன்னால் நீட்டி, முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலை அழுத்தினால் மெல்ல நிற்கும். எனக்கு இது கைகூட இரண்டு மாதம் ஆனது. அதுவரை வேலிக் கம்பிதான் என் பிரேக். வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி வல்லுநர், தாம் செய்த சக்கரக் காலணியோடு வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் நுழைந்தாராம். திரும்பவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல், விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியில் போய் மோதினார் என்று சொல்வார்கள். 1863இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், உடம்பைச் சாய்த்தால் திரும்பக்கூடிய, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகச் சக்கரம் வைத்த காலணியை உருவாக்கினார். வரிசைச் சக்கரத்தை 1980 வாக்கில் மறுபடி பரவலாக்கியவர்கள், மினியாபோலிஸ் நகரில் பனி ஹாக்கி ஆடிய ஓல்சன் சகோதரர்கள். பனி இல்லாத கோடையில் பயிற்சி செய்ய அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இதில் சாதாரணமானவர்கள் இல்லை. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில், 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் கடந்து தங்கம் வென்றார். இந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அதே தூரத்துக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இந்த அவையில் சொல்ல மாட்டேன்.

நான் பயந்த ஒன்று நடந்தது. பால் போடும் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன், நான் விழுந்து எழுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டான். பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும் என்று அன்று வகுப்புக்குள் நுழையவே கூச்சமாக இருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிராதவன், மணி அடித்தபிறகு மேசையருகே வந்தான். “டீச்சர், முன்னாடி போறதுக்கு ஏன் காலைப் பக்கவாட்டுல தள்ளுறீங்க?”

நல்ல கேள்வி. நடக்கும்போது நாம் தரையைப் பின்னால் தள்ளுகிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. சக்கரத்தை நேர் பின்னால் தள்ளினால் அது உருண்டு ஓடிவிடும், தரைக்குப் பிடிமானம் கிடைக்காது. உருளாத திசை பக்கவாட்டுத்தான். அதனால் பாதத்தைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பிப் பக்கவாட்டில் அழுத்துகிறோம், அதன் எதிர்விசையில் ஒரு பகுதி நம்மை முன்னால் கொண்டுபோகிறது. பத்தாம் வகுப்பு இயக்க விதிகளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அது முழங்காலுக்குப் புரிந்தது இப்போதுதான். அவனும் நானும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்ததில் அடுத்த பாடவேளையில் ஐந்து நிமிடம் போய்விட்டது.

இன்னொன்றையும் ஒளிக்க விரும்பவில்லை. உடற்கல்விப் பாடவேளையைக் ‘கடன்’ வாங்கித் தேர்வுக்குத் தயார் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடனை நம்மில் யார் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்? ஸ்கேட்டிங் தொடங்கிய வருடம், உடற்கல்வி ஆசிரியர் பழக்கதோஷத்தில் தாமாகவே வந்து, “டீச்சர், இன்னிக்கு எடுத்துக்கிறீங்களா?” என்றார். வேண்டாம் என்றேன். ஜன்னல் வழியே பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவது தெரிந்தது. ஆனால் ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்தபோது மறுபடி இரண்டு பாடவேளை வாங்கினேன். இந்த வருடம் இதுவரை வாங்கவில்லை.

முயல நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மூட்டுவலி, சர்க்கரை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் காலணி கடித்த புண்ணை அலட்சியம் செய்யக் கூடாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவுக் காலணி சிறுவர்களுக்கானது, பெரியவர்களின் எடைக்கு உதவாது. கால் உள்ளே ஆடாமல், பெருவிரல் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவில் வாங்குங்கள். தொடக்கத்துக்கு 80 மில்லிமீட்டர் சக்கரம் போதும். சாலை வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு ஜல்லிக்கல் போதும், ஆளைக் கவிழ்க்க.

மகள் இன்னும் சக்கரம் ஏறவில்லை. சில நாள் என்னோடு வந்து, கேலரியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பாள். தலையை நிமிர்த்தாமலே, “அம்மா, முட்டியை மடக்கு” என்று கத்துவாள். போன மாதம் காலணியை வாங்கிக் காலில் மாட்டி, நாடாவை இறுக்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை.

காலணியைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி மட்டும்தான், இந்த டைல்ஸ் தரை வழுக்கும். மீறி எழுந்து நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் கைபிடிக்க, உடற்கல்வி ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.