கைக்கேற்ற கருவி

நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். உழவுக் கருவி ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்குவது நம் நாடு. இத்தகைய நாட்டிலே வீட்டுத் தோட்டத்துக்குக் கருவி தேர்வது பற்றி ஒருவன் பேச வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்க வருவது போலத் தோன்றலாம். ஆயினும் காலம் மாறியிருக்கிறது. வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் நிலமும், மாடியிலே பத்துத் தொட்டியும், கூடத்தில் ஒரு மணிபிளாண்டுக் கொடியுமே இன்று பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் வேளாண்மை. வழிவழியாக வந்த கருவியறிவும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அதனால் நேர்வது யாது? கடையில் பளபளக்கும் பெட்டியொன்றைக் கண்டு, அதிலுள்ள பத்துப் பன்னிரண்டு கருவிகளையும் ஒருசேர வாங்கிவிடுகிறோம். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பாதி துருவேறிக் கிடக்கிறது. மீதி இன்ன வேலைக்கென்று விளங்காமலே கிடக்கிறது. கை நொந்தவர் கருவியை மட்டும் விடுவதில்லை, தோட்டத்தையே விட்டுவிடுகிறார். ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். என் மண் எப்படிப்பட்டது? என் கை எப்படிப்பட்டது? செய்யவேண்டிய வேலை யாது?

முதலில் மண்ணைப் பார்ப்போம். நம் மாவட்டம் சிறியது, மண்ணோ பலவகை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மேட்டு நிலங்களில் சரளை கலந்த செம்மண். கடலோர ஊர்களில் மணல். நெல் விளையும் தாழ்ந்த நிலங்களில் ஈரத்தை ஏந்தி நிற்கும் களிமண். அகன்ற அலகுடைய மண்வெட்டி மணலை எளிதில் வாரும். அதையே சரளையில் ஓங்கினால் அலகு தெறிக்கும். அதிர்ச்சி தோள்வரை ஏறும். அங்கே குறுகிய அலகுள்ள கொத்தும், குழி தோண்டக் கடப்பாரையுமே ஏற்றவை. களிமண்ணுக்கோ கருவியைவிட வேளையே முக்கியம். சேறாக இருக்கும்போது கொத்தினால், காய்ந்தபின் கட்டி கட்டியாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள்; உதிர்ந்தால் அதுவே கொத்துவதற்குரிய பதம்.

இரண்டாவது கை. பள்ளித் தோட்டங்களில் பிள்ளைகளோடு வேலை செய்த ஆண்டுகளில் நான் கண்டறிந்தது ஒன்று உண்டு. பெரியவர்களுக்குரிய மண்வெட்டியைக் கொடுத்தால் சோம்பேறி என்று பெயர் வாங்கும் சிறுவன், சிறு களைக்கொத்தியைக் கொடுத்ததும் தன் பாத்தியை முடித்துவிட்டு அடுத்தவன் பாத்தியில் இறங்கிவிடுவான். குறை பையனிடம் இல்லை, பிடியிலே இருந்தது. வீட்டிலும் இதே கதைதான். கணவர் வாங்கி வந்த கருவி மனைவியின் கைக்குப் பொருந்தாது. இளைஞர் ஆளும் மண்வெட்டி பாட்டனாருக்குப் பாரமாகும். ஆகலின் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குக. விரல்கள் பிடியைச் சுற்றி நன்றாகக் கவிய வேண்டும். மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்க வேண்டும். மரப்பிடியானால் அதன் இழை நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடும் இழை முறிவுக்கு வழி.

பூவாளியைக் கடையில் தூக்கிப் பார்த்து, எடை குறைவென்று மகிழலாகாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் 10 கிலோவுக்கு மேலாகிவிடும். மாடிப்படி ஏறும் மூத்தோருக்கு 5 லிட்டரே போதும். இருமுறை நடப்பது, இடுப்பு நோவதினும் நன்று.

மூன்றாவது வேலை. புதிதாகத் தொடங்குவோர்க்குக் களைக்கொத்தி, மண் அள்ளும் சிறு கரண்டி, பூவாளி, கிளை வெட்டும் கத்தரி, தேய்த்துக் கழுவத் தேங்காய்நார் ஆகிய ஐந்தும் போதும். நிலமுடையோர் மண்வெட்டியைச் சேர்த்துக்கொள்க. மற்றவற்றைத் தேவை எழும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம். கத்தரியில் இருவகை உண்டு. ஒன்றில் இரு அலகுகளும் ஒன்றையொன்று கடந்து செல்லும்; மற்றொன்றில் கூரிய அலகு தட்டையான அடிப்பகுதியின்மேல் வந்து அழுந்தும். பின்னது பச்சைத் தண்டை நசுக்கிவிடும். காய்ந்த குச்சிக்கே பொருந்தும். செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் முன்னதே தக்கது. நோயுற்ற கிளையை வெட்டிய கத்தரியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்தபின்பே அடுத்த செடியில் வைக்க வேண்டும். இல்லையேல் நோயை நாமே சுமந்து சென்றவர்களாவோம்.

வீட்டினுள் வளரும் செடிகளுக்குரிய முதற்கருவி கடையில் கிடைப்பதன்று; அது நம் ஆள்காட்டி விரல். தொட்டி மண்ணில் அதை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டா. மண்ணின் இடைவெளிகளையெல்லாம் நீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட வழியின்றி அழுகும். மேலே இலை வாடும். நாமோ தாகமென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோம். அன்பினால் செடியைக் கொல்வது இப்படித்தான். மண்தொட்டி தன் சுவர் வழியே ஈரத்தை வெளிவிடும். பிளாஸ்டிக் தொட்டி விடாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே கணக்கில் நீர் வார்க்கலாகாது. எந்தத் தொட்டியாயினும் அடியில் துளை இன்றியமையாதது.

தொட்டியின் கீழ் வைக்கும் தட்டைப் பற்றி ஒரு சொல். தேங்காய்நார் எதற்கு என்று எண்ணியிருப்பீர்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இத்தகைய தட்டுகளில் தேங்கும் நீரில் பெருகுவது. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தட்டை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு பிடி நார், ஒரு குழந்தையைக் காய்ச்சலினின்று காக்கும் கருவியாகிறது.

இறுதியாகப் பராமரிப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறுவது நம் மாவட்டம். கடற்காற்றில் உப்பும் உண்டு. இரும்புக்கு இவ்விரண்டும் பகை. வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் சிறிது தடவி, தரையில் படாமல் மாட்டி வையுங்கள். இரண்டு நிமிட வேலை, பல ஆண்டு ஆயுள்.

அருகில் கொல்லுலை எரியுமாயின், வெட்டுக் கருவியை அங்கே சொல்லிச் செய்வித்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்ணையும் கையையும் கேட்டறிந்து அலகின் அகலத்தையும் வளைவையும் அமைப்பவர் அவர். தேய்ந்த அலகைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து மீண்டும் கூராக்கித் தருபவரும் அவரே. நாம் நாடாவிட்டால் அந்த உலை அவியும். அதனோடு, நம் மண்ணுக்கு எந்த அலகு என்று சொல்லத் தெரிந்த அறிவும் அவியும்.

கருவி பலவாதல் பெருமையன்று; கைக்கும் மண்ணுக்கும் இசைதலே பெருமை. இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டில் கிடக்கும் கருவிகளை எடுத்து, எது எவர் கைக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். வாங்கவேண்டியது எதுவென்று அதன்பின் தானே விளங்கும்.