சிற்றூரில் வெப் ஹோஸ்டிங் தொழில்: முதல் போடத் தகுமா?



கணினிக் கல்வி கற்ற இளைஞர்கள் இன்று நம் கிராமங்களில் அநேகர் உளர். அவர்களுள் சிலர் நகரத்திற்குச் செல்ல மனமின்றி, ஊரில் இருந்தபடியே ‘வெப் ஹோஸ்டிங்’ என்னும் தொழிலை நடத்த எண்ணுகின்றனர். அதற்குரிய முதலைத் தகப்பனாரிடம் கேட்கின்றனர். தாம் அறியாத தொழிலாதலால், தகப்பனார் பஞ்சாயத்து உறுப்பினரிடம் யோசனை கேட்க வருகின்றார். நகையை அடகு வைத்தோ, நிலத்தின் பேரில் கடன் பெற்றோ கொடுக்க வேண்டிய பணம் அது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாகவே ஆராய்தல் வேண்டும்.

தொழிலின் தன்மை யாதெனில், ஒரு கடையோ பள்ளியோ தன் விவரங்களை இணையத்தில் வைத்தால், அவை சர்வர் எனப்படும், ஓயாது இயங்கும் கணினியொன்றில் இருத்தல் வேண்டும். அக்கணினியில் இடத்தை வாடகைக்கு விடுவதே இத்தொழில். நெல் மூட்டைகளுக்குக் கிடங்கில் இடம் விடுவதை ஒத்தது. ஆயின், கிடங்கை இரவில் பூட்டிவிட்டு உறங்கலாம். சர்வரைப் பூட்ட இயலாது.

சொந்தமாகச் சர்வர் வாங்கி வீட்டில் வைத்து நடத்தலாமா என்று சிலர் கேட்கின்றனர். கூடாது என்பதே நமது கருத்து. நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் தடையின்றி நடக்கும் என வாக்களிப்பது இத்தொழிலில் வழக்கம். 30 நாள் கொண்ட மாதத்தில் மொத்தம் 43 நிமிஷத்திற்கு மேல் நின்றுவிடலாகாது என்பது இதன் பொருள். பராமரிப்புக்கென மின்சாரத்தை நிறுத்தும் ஒரு பகற்பொழுதே இக்கணக்கை விழுங்கிவிடும்.

மற்றொரு முறை, பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இடம் பெற்றுச் சில்லறையாக விற்பது. இதற்கு முதல் அதிகம் வேண்டுவதில்லை. அதனாலேயே போட்டியும் மிகுதி. உத்தேசமாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு ரூ. 2,500 வீதம் 40 வாடிக்கைக்காரர் சேர்ந்தால் வரவு ரூ. 1,00,000. மொத்த வாடகை, மென்பொருட் கட்டணம், இணையப் பெயர்ப் பதிவு முதலியவற்றிற்கு ரூ. 35,000 போனால், எஞ்சுவது மாதம் ஒன்றுக்குச் சுமார் ரூ. 5,400. இத்தொகைக்காக ஓராள் இரவு பகலாகத் தொலைபேசிக்குக் காத்திருத்தல் வேண்டும். கறவை மாட்டுக்கேனும் காலை மாலை என்று வேளை உண்டு!

அந்த 35,000 என்ற செலவும் நிலையானதன்று. இவ்வியாபாரிகளிற் பலர் பயன்படுத்தும் ‘சீபேனல்’ என்ற மென்பொருளுக்கு முன்னர்ச் சர்வர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தது. 2019-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கணக்கின் எண்ணிக்கைப்படி கட்டணத்தை மாற்றிவிட்டது. ஒரு சர்வரில் பல நூறு கணக்குகளை வைத்திருந்தவர்களின் செலவு ஒரே அடியாக உயர்ந்தது. வரவிலும் இவ்வாறே ஒரு குறைவு நேர்ந்தது. பாதுகாப்புச் சான்றிதழ் விற்று முன்பு கொஞ்சம் லாபம் காண முடிந்தது. 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு அதனை இலவசமாகவே வழங்கி வருகின்றது. ஆக, வெறும் இடத்தை விற்று வாழலாம் என்று எவரும் முதல் போடுவதை நாம் ஆதரிப்பதற்கில்லை.

பொறுப்போ இலேசானதன்று. 2021 மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு தேசத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஓவிஎச் என்னும் பெரிய நிறுவனத்தின் சர்வர்க் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்து போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தங்கள் விவரங்களுக்கு வேறிடத்தில் பிரதி வைத்துக்கொள்ளாத வாடிக்கைக்காரர் பலர் அவற்றை அடியோடு இழந்தனர். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்கலாகாது என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பிரதி எடுப்பது மட்டும் போதாது. அப்பிரதியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று மாதம் ஒருமுறை சோதித்தறிதல் வேண்டும். சட்டமும் உண்டு. மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் பிறப்பித்த கட்டளைப்படி, சர்வரில் அத்துமீறல் போன்ற சம்பவம் நேர்ந்தால், தெரியவந்த 6 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். சர்வரின் நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் காத்து வைத்தல் வேண்டும்.

அப்படியாயின் இத்தொழிலை விட்டுவிடுவதா? அவ்வாறும் நாம் கருதவில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அரிசி ஆலை, தனியார் பள்ளி, கயிற்றுத் தொழிற்சாலை போன்றவற்றை நடத்துவோர்க்கு வேண்டுவது வெறும் இடமன்று. விலைப்பட்டியலை மாற்றித் தரவும், மின்னஞ்சல் போகாதபோது நேரில் வந்து பார்க்கவும், தமிழில் பேசி விளங்கவைக்கவும் ஓராள் வேண்டும். தொலைவிலுள்ள பெருநிறுவனம் இதனைச் செய்யாது. தளம் அமைத்துத் தருதல், பராமரித்தல் ஆகியவற்றிற்குக் கூலி பெற்று, ஹோஸ்டிங்கை அத்துடன் சேர்த்துக் கொடுப்பவர் நிலைக்கக் கூடும். வேறு வருமானம் உள்ளபோதே ஐந்தாறு வாடிக்கைக்காரருடன் தொடங்குவது நன்று. கடன் வேண்டுமாயின், முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரை ஈடின்றிப் பெற வழியிருக்கின்றது. இதற்காக நிலப்பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் மற்றொன்றும் கவனித்தல் வேண்டும். தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகின்றது? சௌகரியத்திற்காக இளைஞர் தம் பேரிலேயே பதிந்துகொள்வதுண்டு. நாளை அவர் சென்னையில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டால், கட்டணம் செலுத்துவாரின்றி அப்பெயர் காலாவதியாகும். ‘டாட் காம்’ பெயராயின், அது நீக்கப்பட்டபின் மீட்டுக்கொள்ள 30 நாள் தவணை உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் செலுத்த நேரும். அதுவும் கடந்தால் யார் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். ஆதலின், உழவர் நிறுவனத்தின் பெயர் அந்நிறுவனத்தின் பேரிலேயே பதிவாகட்டும். கடவுச்சொல்லின் நகலொன்று உறையிலிட்டு, அலுவலகப் பெட்டியில் பூட்டி வைக்கப்படட்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியையும் வரவு செலவுப் புத்தகத்தின் முதற் பக்கத்திலேயே எழுதி வைத்தல் நலம்.