எண்ணெய் தேட ஓர் உரிமம்



திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல், காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளை நாடி, வானியல் அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் பிற்பகுதியில் ஒரு சிறு தொலைநோக்கியுடன் தொடங்கிய அந்த வானாய்வுக்கூடத்தில், 1986ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்று இயங்கி வருகிறது. அந்த ஆய்வுக்கூடம் இன்று அவ்வறிஞரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வானத்தை அண்ணாந்து நோக்குவதற்கு எவரும் எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பார்வையைக் கீழே திருப்பி, காலடியில் எண்ணெய் உண்டா, எரிவாயு உண்டா என்று தேட முற்பட்டால், அந்தத் தேடலுக்கே உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கேட்பது யார், கொடுப்பது யார், அதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஒருவர் நாட்டுப் படத்தை விரித்து, காவலூரைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, “இங்கே எண்ணெய் தேட எனக்கு உரிமம் தருக” என்று விண்ணப்பிப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். அவருக்கு முதலில் விடை சொல்வது அரசு அன்று, பாறைதான். எண்ணெய் எங்கும் தோன்றிவிடும் பொருள் அன்று. பண்டைக் கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சங்கள் சேற்றோடு படிந்து, மேலே மேலே மண்ணடுக்குகள் சேர, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் பல இலட்சம் ஆண்டுகளில் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றன. அவ்வாறு உண்டான எண்ணெய் தங்குவதற்கு, கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த, மணற்பாறை போன்றதொரு பாறை வேண்டும். அது மேலே கசிந்து மறைந்து போகாதபடி மூடி நிற்க, களிப்பாறை போன்றதோர் இறுகிய அடுக்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் வயல் இல்லை.

ஜவ்வாது மலையின் பாறைகளோ நிலவுலகின் ஆழத்தில் பெருவெப்பத்தில் வெந்து இறுகிய மிகப் பழைய படிகப் பாறைகள். எண்ணெய்க்குத் தாயாகும் சேறு அவற்றில் இல்லை. ஆகவே நம் கற்பனை விண்ணப்பதாரருக்குப் பாறையே ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. அதுவும் நல்லதுதான். எண்ணெய்க் கிணறுகளில் உபரி வாயுவை எரிக்கும் சுடர் இரவெல்லாம் வானத்தைச் சிவக்கச் செய்யும். அந்த ஒளியில் தொலைநோக்கி மங்கிய விண்மீன்களைக் காண முடியாது.

இனி மலையை விட்டு இறங்கித் தெற்கே செல்வோம். அரியலூரை அடைந்ததும் நிலத்தின் இயல்பு மாறிவிடுகிறது. அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடற்சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இன்று கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்பதற்கு அவை சான்று. இந்தியா, அண்டார்க்டிகா முதலிய நிலப்பகுதிகள் ஒன்றாயிருந்த பெருங்கண்டம் பிளந்தபோது, இக்கரை நெடுகப் பள்ளங்கள் உண்டாயின. கடல் அவற்றினுள் புகுந்தது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. நாம் நெல் விளைக்கும் மண்ணுக்கு அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்திற்குப் படிவுப்பாறை அடுக்குகள் கிடக்கின்றன. இதனையே நிலவியலார் காவிரிப் படுகை என்கின்றனர்.

இங்கே பாறை ‘இருக்கலாம்’ என்று சொன்னது. 1956ஆம் ஆண்டில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. அதன் அறிஞர்கள் காவிரிப் படுகைக்கு வந்தனர். செயற்கை அதிர்வுகளை நிலத்திற்குள் செலுத்தி, அவை அடுக்குகளில் மோதித் திரும்பி வருவதைப் பதிவு செய்தனர். 1960களிலேயே இப்பகுதியில் துளையிடத் தொடங்கினர். எனினும் நெடுங்காலம் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. 1980களில்தான் நரிமணம், கோயில்களப்பாள் போன்ற இடங்களில் எண்ணெய் வெளிப்பட்டது. 1993ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திற்கு அருகே ஒரு சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கிற்று.

இரண்டாவதாக விடை சொல்ல வேண்டியது அரசு. நம் அரசியலமைப்பு, எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் பட்டியலில் வைத்துள்ளது. அதற்குரிய அடிப்படைச் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது, 2025இல் திருத்தப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகள், தேடுவதற்கு ஓர் உரிமம் என்றும், எடுப்பதற்கு ஒரு குத்தகை என்றும் இரண்டையும் தெளிவாகப் பிரித்தன. தேடும் உரிமம் முதலில் நான்கு ஆண்டுகளுக்கு. எடுக்கும் குத்தகை பொதுவாக இருபது ஆண்டுகளுக்கு. மாநிலத்தின் நிலமாயின் ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு வழங்கும். கடற்பகுதியாயின் ஒன்றிய அரசே வழங்கும். இவ்வாறு வகுக்கப்பட்டிருந்தது.

விண்ணப்பிக்கும் முறையும் காலப்போக்கில் மாறியது. முன்பு அரசே நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஏலத்தில் வைத்தது. 2016ஆம் ஆண்டின் புதிய கொள்கை, தேசியத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள ஆய்வுக் குறிப்புகளைப் படித்து, தனக்கு வேண்டிய பரப்பை நிறுவனமே வரைந்து கேட்கலாம் என்றது. கேட்டவுடன் அது அவருக்கே கிடைத்துவிடாது; பிறரும் போட்டியிடலாம். எத்தனை கிணறு தோண்டுவோம், வருவாயில் அரசுக்கு எவ்வளவு பங்கு தருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வென்றவருக்கு ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகிய அனைத்தையும் தேட இடம் உண்டு. முன்பு இவற்றுக்குத் தனித்தனி அனுமதி வேண்டியிருந்தது. நிறுவனங்களுக்கு இது எளிமை. ஊர் மக்களுக்கோ இது ஐயத்திற்கு ஒரு காரணமாயிற்று. தம் ஊரில் தேடப்போவது எது, எம்முறையில் எடுப்பர் என்பது உரிமத்தின் பெயரிலிருந்து விளங்கவில்லை அன்றோ?

மூன்றாவதாக விடை சொல்ல வேண்டியவர்கள் அந்நிலத்தின்மேல் வாழ்வோர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நிலத்தடி உரிமை பிரித்து விற்கப்படாதவரை, எண்ணெயில் நிலக்காரருக்குப் பங்கு உண்டு. நம் நாட்டில் எண்ணெய் எடுக்கும் உரிமையை அளிப்பது அரசு. உழவருக்குக் கிடைப்பது, தம் நிலம் பயன்படுத்தப்படுவதற்கான வாடகையும் பயிர் இழப்பீடும் மட்டுமே. ஆதாயத்தில் அவருக்குப் பங்கில்லை. கிணற்று நீர் கெட்டாலோ, வயலில் எண்ணெய் கசிந்தாலோ முதலில் துன்புறுபவர் அவரே. இந்தச் சமமின்மையை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்திற்கு 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. அம்முறையில் நிலத்தடி நீரைப் பெருமளவு வெளியேற்ற வேண்டும் என்பதை உழவர்கள் அறிந்தபோது அச்சம் பரவிற்று. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதை எதிர்த்துப் பேசினார். அப்பணியிடையே 2013 டிசம்பரில் காலமானார். 2015இல் மாநில அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் மீண்டும் போராட்டம் எழுந்தது. அங்கே கேட்கப்பட்டது தேடும் உரிமம்கூட அன்று; முன்பே கண்டறியப்பட்ட ஒரு சிறு வயலிலிருந்து எடுப்பதற்கான ஏற்பாடு. ஆயினும் ஊரார் அதை எதிர்த்தனர். மாணவர் பலர் அவர்களோடு சேர்ந்து அமர்ந்தனர்.

2020ஆம் ஆண்டு இரு வேறு திசைகளில் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஜனவரியில் ஒன்றிய அரசு, எண்ணெய் தேடும் கட்டத்திற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்திற்று. பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடை செய்தது. முன்பே நடந்துவரும் பணிகளுக்கு அத்தடை பொருந்தாது.

நண்பர்களே, எண்ணெயே வேண்டாம் என்று சொல்வது எளிது. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பேருந்தும் உழுவண்டியும் மீன்பிடி விசைப்படகும் அதனால்தான் ஓடுகின்றன. நம் மண்ணில் கிடைப்பதைத் தேடுவோர் எல்லாரும் பகைவர் அல்லர். அதே சமயம், நெல்லையும் குடிநீரையும் பணயம் வைத்துத் தேட வேண்டுமா என்று வினவுவோர் அறிவியலுக்கு எதிரிகளும் அல்லர். பாறையைக் கேட்க நூறு கருவிகள் செய்தோம். அரசைக் கேட்க விதிகள் எழுதினோம். ஊராரைக் கேட்கும் முறையை மட்டும் இறுதியில் வைத்தோம், அல்லது விட்டுவிட்டோம். பூசல் பிறந்தது அவ்விடத்தில்தான்.

உங்களில் சிலர் நாளை நிலவியலாராக, பொறியாளராக, மாவட்ட ஆட்சியராக வரலாம். சிலர் வயலிலேயே நிற்கலாம். எந்நிலையில் இருந்தாலும், இத்தகைய விண்ணப்பம் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது மூன்று செய்திகளைக் கேளுங்கள்: கேட்பது தேடவா, எடுக்கவா? எந்தப் பொருளை, எம்முறையில்? நீருக்கும் நிலத்துக்கும் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இவற்றுக்குரிய விடைகளைத் தமிழில் எழுதி, கையொப்பம் இடுவதற்கு முன்பே ஊர்ப் பொதுவில் படித்துக் காட்டச் செய்யுங்கள்.