பெர்லின் மாநகரின் பசும்பரப்பு



பெர்லின் மாநகரின் நடுவே டீர்கார்ட்டன் என்றொரு பெருஞ்சோலை உண்டு. ஏறத்தாழ 210 ஹெக்டேர்; ஏக்கர்க் கணக்கில் ஐந்நூற்றுக்கு மேல். முற்காலத்தில் அரசர்கள் வேட்டையாடிய காடு அது. 1945-இல் போர் ஓய்ந்தபோது நகரம் இடிபாடாய்க் கிடந்தது, நிலக்கரி கிட்டவில்லை. குளிரில் நடுங்கிய மக்கள் சோலை மரங்களை வெட்டி அடுப்பெரித்தனர். வெட்டவெளியான நிலத்தில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுப் பசியாறினர். சுமார் இரண்டு இலட்சம் மரங்கள் நின்றவிடத்தில் எஞ்சியவை 700 மட்டுமே என்பர். அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. குழந்தை குளிரில் விறைக்கும்போது மரத்தை எண்ணிப் பார்ப்பவர் யார்?

வியப்பு இனித்தான் இருக்கிறது. 1949 மார்ச் 17 அன்று, மேற்குப் பெர்லினுக்குத் தரைவழியெல்லாம் அடைபட்டிருந்த வேளையிலேயே, மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் அங்கே ஒரு லிண்டன் கன்றை நட்டார். பிற ஜெர்மானிய நகரங்கள் கன்றுகளை நன்கொடையாய் வழங்கின. மாவும் நிலக்கரியும் வந்த வான்வழியிலேயே மரக்கன்றுகளும் வந்தன!

அவ்விமானங்கள் இறங்கிய தளங்களுள் ஒன்று டெம்பெல்ஹோஃப். 2008-இல் அது மூடப்பட்டது. 2010-இல் 300 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலம் பொதுமக்களின் திடலாயிற்று. ஓடுபாதையில் இன்று சிறுவர் சைக்கிள் விடுகின்றனர். புல்வெளியில் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவ்விடங்களை வேலியிட்டுக் காக்கின்றனர். ஒருபுறம் அண்டை வீட்டார் கூடி மரப்பெட்டிகளில் மண் நிரப்பித் தோட்டம் போட்டுள்ளனர்.

திடலின் ஓரங்களில் வீடுகள் கட்ட நகர ஆட்சி திட்டமிட்டது. 2014 மே 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அதனை மறுத்து, திடல் முழுவதையும் காக்கும் சட்டத்தை நிறைவேற்றினர். இவ்வளவில் கைதட்டிவிட்டுப் போக நமக்கு மனம் ஒப்பவில்லை. வாடகை ஏறிக்கொண்டேபோகும் ஊரில் வீடு தேடி அலைபவனுக்கு வானம்பாடியின் பாட்டு எப்படி ஒலிக்கும்? குவார்ட்டர்ஸுக்காகக் காத்திருந்த நம்மில் பலர் அதனை அறிவோம். மாடியில்லா வீட்டில் ஒண்டியிருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் அத்திடலே முற்றம் என்று மறுபக்கத்தார் சொல்வதும் பொய்யன்று. வாக்கெடுப்புக்குப் பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை; வீடு கட்டலாமா என்று பெர்லினார் மீண்டும் மீண்டும் வாதிடுகின்றனர். மாலையானதும் இரு கட்சியாரும் அதே ஓடுபாதையில் உலாவச் செல்கின்றனர்.